சிவப்புக் கோட்டுக்கு மேலே: ஆசிரியைகளின் வீட்டு உழைப்பும் நமது எழுத்தும்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் தமிழ்ப் புனைகதையில் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. எழுதியவர்களே பெரும்பாலும் ஆசிரியர்கள்தாம். மருதூர்க்கொத்தன் ஆசிரியர். வை.அஹமத் கல்வித்துறையில் வாழ்ந்தவர். எம்.ஏ.நுஃமானும் பாடசாலை ஆசிரியராகத் தொடங்கியவரே. பாடசாலையின் ஓய்வறையில்தான் நமது இலக்கியத்தின் பாதி பேசப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. ஆகவே கிராமத்துக்கு வரும் இலட்சிய ஆசிரியர், இடமாற்றத்தால் அலைக்கழியும் ஆசிரியர், அதிபரோடு முரண்படும் ஆசிரியர் என்று பல வார்ப்புகள் நமக்குப் பழக்கம்.

ஆசிரியை எப்படி வருகிறார்? நான் படித்த அளவில் அவர் வாயிற்கதவில் குடையோடும் கைப்பையோடும் தோன்றுகிறார். மாணவருக்கு அன்பானவராகவோ, இளம் ஆசிரியரின் மனதைக் கலைப்பவராகவோ, கலியாணம் தள்ளிப்போனவராகவோ இருக்கிறார். மணி அடித்ததும் வாயிற்கதவைத் தாண்டிப் போய்விடுகிறார். அவர் எங்கிருந்து வந்தார், காலை ஏழரைக்கு முன் என்ன செய்துவிட்டு வந்தார், ஒன்றரைக்குப் பின் எங்கே போனார் என்று கதை கேட்பதில்லை. இலங்கையின் அரச பாடசாலை ஆசிரியர்களில் நால்வரில் மூவர் அளவுக்குப் பெண்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கேளாமை சிறிய விடுபடல் அல்ல என்பது விளங்கும்.

எங்கள் ஏறாவூரை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்குப் பிரதான வீதியில் நின்றால் அபாயாவும் கைப்பையுமாக ஸ்கூட்டியில், ஆட்டோவில், பஸ் தரிப்பிடத்தில் ஆசிரியைகளைக் காணலாம். மட்டக்களப்பு மத்தி கல்வி வலயம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று ஒன்றோடொன்று ஒட்டாத நிலத்துண்டுகளைச் சேர்த்து உண்டாக்கிய வலயம். காத்தான்குடியில் வீடும் ஓட்டமாவடியில் நியமனமும் கிடைத்த ஒருவர், நாளொன்றுக்கு ஒரு வழிக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். போய்ச் சேரும்போது அதிபரின் மேசையில் வரவுப் பதிவேடு திறந்திருக்கும். ஏழரைக்கு அதில் ஒரு சிவப்புக் கோடு விழும். கோட்டுக்கு மேலே கையொப்பமிட்டவர் நேரத்துக்கு வந்தவர்; கீழே இட்டவர் பிந்தியவர். அரை நாள் லீவு கழிவதும் அதிபரின் முகம் மாறுவதும் அந்தக் கோட்டைப் பொறுத்தது.

அந்தக் கோட்டுக்கு மேலே வந்து சேர ஒரு பெண் எத்தனை மணிக்கு எழும்புகிறார்? சுபஹு பாங்குக்கு முன்னர். முதல்நாள் இரவே தேங்காய் துருவி வைத்திருந்தால் புட்டு அவிப்பது இலேசு. காலைச் சாப்பாடு மட்டும் போதாது. பகல் கறியும் அடுப்பில் ஏறி இறங்க வேண்டும், ஏனென்றால் ஒன்றரைக்கு வீடு திரும்பியபின் ஆக்கினால் பிள்ளைகளும் கணவரும் பசி பொறுக்கமாட்டார்கள். சின்னவனை எழுப்ப வேண்டும், கழுவ வேண்டும், மகளுக்குத் தலை பின்ன வேண்டும், படுக்கையில் கிடக்கும் வாப்பாவுக்கு மருந்து கொடுக்க வேண்டும். கணவரும் ஆசிரியராக இருக்கலாம். அவர் ‘சேர்’. சேரின் சேட்டும் மினுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே பாடசாலை, ஒரே தரம், ஒரே சம்பளப் படிநிலை. சிவப்புக் கோடு இருவருக்கும் ஒன்றுதான். அவர் எழும்புவது ஆறு மணிக்கு. நான் இதை வெளியாளாக நின்று எழுதவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் நானும் ஒரு சேராக இருந்தவன், மினுக்கிய சேட்டைப் போட்டுக்கொண்டு போனவன். இந்தப் பகுதியிலுள்ள விவரங்களில் பாதியை என் மனைவியிடம் கேட்டுத்தான் எழுதினேன் என்பது எனக்கே வெட்கம்.

இந்த உழைப்புக்கு மொழியிலேயே இடமில்லை. வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டால் ‘சும்மாதான் இருக்கா’ என்போம். தமிழின் ஞான மரபில் சும்மா இருத்தல் என்பது எய்துதற்கரிய நிலை. எங்கள் ஊரில் அது பதினாறு மணிநேர வேலையின் பெயர். ஆசிரியையைப் பற்றிச் சொல்லும்போது ‘சும்மா’ போய்விடுகிறது, ‘வேலைக்குப் போறா’ என்கிறோம். அதாவது வேலை என்பது அவர் போகின்ற இடத்தில் மட்டுமே இருக்கிறது. புறப்பட்ட இடத்தில் இருப்பது வேலையல்ல. பொருளியலும் இதையே கணக்கு மொழியில் சொல்கிறது. வீட்டுக்குள் கூலியின்றி நடக்கும் சமையலும் பராமரிப்பும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்வதில்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல்தான் நாடளாவிய நேரப் பயன்பாட்டு ஆய்வொன்றை நடத்தி, யார் நாளின் எத்தனை மணித்தியாலத்தை எதற்குச் செலவிடுகிறார்கள் என்று கேட்டது. கூலியற்ற வீட்டு வேலையின் பெரும் பங்கு பெண்களின் தலையில் என்ற விடை யாருக்கும் புதிதல்ல. அரசாங்கம்கூடக் கேட்டுவிட்ட ஒரு கேள்வியை நமது எழுத்தாளர்கள் இன்னும் கேட்கவில்லை என்பதே எனது குறை.

இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்: நமது ஊர்களில் பெண்ணுக்கு வீடு உண்டு, ஆகவே நிலைமை வேறு என்று. உண்மைதான். கிழக்கில் தாய்வழிக் குடி முறை இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணின் பெயரில் எழுதப்படுகிறது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) காட்டும் தென்னிந்தியச் சிற்றூரின் பெண்கள் வெளியே காலெடுத்து வைக்கவே போராட வேண்டியிருக்கிறது. எங்கள் பெண்கள் ஆசிரிய கலாசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய் வந்துவிட்டார்கள். அந்த நாவலை இங்கே வாசித்த சில நண்பர்கள், ‘இது எங்கட கதை இல்லை’ என்று நிம்மதியோடு மூடிவைத்ததை நான் அறிவேன். அந்த நிம்மதியில் ஒரு தவறு இருக்கிறது. சல்மாவின் பெண்கள் அடைபட்டிருக்கும் அடுக்களைக்கும் எங்கள் ஆசிரியை புறப்பட்டு வரும் குசினிக்கும் சுவர்தான் வேறு, அடுப்பு ஒன்றே. வீடு அவர் பெயரில் இருக்கிறது. குசினியும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சீதன வீடு என்ற ஏற்பாட்டுக்குள் இன்னொரு கதையும் ஒளிந்திருக்கிறது. ஆசிரியை வேலைக்குப் போக முடிவது கணவரின் ஒத்தாசையால் அல்ல, அதே வளவில் இருக்கும் உம்மாவால். பேரப்பிள்ளையைத் தூக்குவதும் கழுவுவதும் பாடசாலை விட்டதும் சோறு போடுவதும் உம்மாதான். ஓய்வூதியம் இல்லாத, நியமனக் கடிதம் இல்லாத, மாற்றலாகிப் போக முடியாத ஒரு பதவி அது. வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு அறைக்குள் ஒதுங்கிய அந்த மூத்தம்மாவைப் பாசத்தின் உருவமாக நமது கவிஞர்கள் எத்தனையோ தடவை பாடியிருக்கிறார்கள். அவரை ஓர் உழைப்பாளியாக யாரும் பார்க்கவில்லை. இன்னும் ஒன்று: ‘டீச்சர் பொண்ணு’க்குக் கலியாணச் சந்தையில் மவுசு அதிகம். ஏன்? வீடும் வளவும் ஒரு தடவை கொடுக்கும் சீதனம். அரச சம்பளம் மாதாமாதம் வரும் சீதனம். அந்தச் சம்பளத்தின் பேரில் வங்கிக் கடன் எடுத்து அடுத்த தங்கச்சிக்கு வீடு கட்டும் ராத்தாமாரை நாம் எல்லோரும் அறிவோம். நாவலுக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. நாவல்தான் இல்லை.

ஏறாவூரில் பிறந்து நாவல் எழுதியவர் ஸர்மிளா ஸெய்யித். அவரது ‘உம்மத்’ (2014) தவக்குல், யோகா, தெய்வானை என்ற மூன்று பெண்களை வைத்துப் போருக்குப் பிந்திய மட்டக்களப்பைப் பேசுகிறது. 2012இல் ஒரு வானொலி நேர்காணலில் அவர் சொன்ன கருத்தும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் அந்த நாவலை வாசிக்கும் முன்பே நமது கண்களில் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டன. எதிர்த்தவர்கள் மார்க்கத்துக்கு விரோதமா என்று தேடினார்கள். ஆதரித்தவர்கள் மதவாதத்துக்கு எதிரான குரலா என்று தேடினார்கள். இரு தரப்பும் ஒரே தராசைத்தான் பிடித்திருந்தன. வெளியே போய் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் பெண்ணின் நாள் எப்படிக் கழிகிறது, அவளுக்காக வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்ற சாதாரணக் கேள்வியோடு அந்த நாவலை அணுகிய விமர்சனம் எதுவும் என் பார்வைக்கு எட்டவில்லை. அப்படி அணுகினால் நாவலின் ஒரு பலவீனமும் தெரியும். பொதுவெளியின் நெருக்குதலைக் கூர்மையாகச் சொல்லும் எழுத்து, வீட்டின் அன்றாடத்தைத் தொடும்போது விரைந்து நகர்ந்துவிடுகிறது. வாதம் முன்னுக்கு வரும்போது அடுப்பு பின்னுக்குப் போகிறது. இதை ஸர்மிளாவின் குறையாக மட்டும் நான் சொல்லமாட்டேன். மார்க்கமா, சுதந்திரமா என்று மட்டுமே கேட்கத் தெரிந்த ஒரு வாசகக் கூட்டத்துக்கு முன்னால் எழுத நேர்ந்ததன் விளைவும் அது.

அனாரின் ‘மேலும் சில இரத்தக் குறிப்புகள்’ நமக்கு நன்கு தெரிந்த கவிதை. போரின் கவிதை, பெண்ணுடலின் கவிதை என்று பலவாறு எழுதப்பட்டுவிட்டது. நான் அதன் தொடக்கத்தில் நிற்க விரும்புகிறேன். மாதாமாதம் இரத்தம் பார்த்துப் பழகிய ஒரு பெண், பிள்ளை விரலை வெட்டிக்கொண்டு அலறி வரும்போது பதறுகிறாள். அங்கிருந்துதான் கவிதை போர்க்களத்துக்கும் வன்புணரப்பட்ட உடலுக்கும் போகிறது. பிள்ளை ஓடி வருவது யாரிடம்? வீட்டில் இருப்பவளிடம், எந்த நேரமும் ஓடிவரக்கூடிய ஒருத்தியிடம். பராமரிப்பவளின் கண்ணிலிருந்து தொடங்கியதால்தான் அக்கவிதையில் போர் பிரகடனமாக ஆகாமல் பதற்றமாகவே இருக்கிறது. நமது திறனாய்வு அந்த முதல் வரிகளை வாசலாக மட்டும் கருதி விரைந்து உள்ளே போய்விட்டது.

கிழக்கின் முஸ்லிம் பெண் எழுத்து ஏன் பெரும்பாலும் கவிதையாகவே இருக்கிறது? சுல்பிகா, அனார், பெண்ணியா என்று பெயர்கள் வருகின்றன. ஆசிரியையாகப் பணியாற்றிய ஃபஹீமா ஜஹானையும், கிழக்குக்கு வெளியே என்றாலும், இந்த வரிசையில் சேர்க்கலாம். எல்லோரும் முதன்மையாகக் கவிஞர்கள். தமிழகச் சிறுபத்திரிகைகளின் செல்வாக்கு, போர், உடல்மொழி அரசியல் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றை நான் மறுக்கவில்லை. அதே காலத்தில் ஆண்களும் கவிதைதானே எழுதினார்கள் என்று கேட்டால் என் வாதம் சற்று ஆட்டம் காணும் என்பதும் தெரியும். ஆயினும் வெர்ஜீனியா வுல்ஃப் 1929இல் ‘தனக்கென்று ஓர் அறை’ என்ற நூலில் தொட்ட ஒரு விடயத்தை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது: குறுக்கீடு என்பது பெண்ணின் எழுத்து வடிவத்தையே தீர்மானிக்கிறது. சோறு கொதிக்கும் நேரத்துக்குள் ஒரு கவிதையை மனதில் கட்டி வைத்துக்கொள்ளலாம். நாவலை அப்படிக் கட்ட முடியாது. பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளைகள் மதரஸாவுக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பும் அந்த இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் ஒரு சிறுகதை. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலத்தைப் புலமைப்பரிசில் வகுப்போ, பாடக்குறிப்போ, உடுப்புத் துவைப்போ தின்றுவிடும்.

1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் சஞ்சிகையில் றொக்கையா என்ற வங்காள முஸ்லிம் பெண் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை எழுதினார். அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் உள்ளே இருந்து சமைக்கிறார்கள், பிள்ளை பார்க்கிறார்கள். பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். அலுவலக வேலையை இரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஆண்களைப்போல அவர்கள் புகைபிடித்துப் பொழுதுபோக்குவதில்லை. அடுப்பு சூரிய வெப்பத்தால் எரிகிறது, புகையில்லை. றொக்கையா வெறும் கனவுக்காரியல்ல. 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தத் தொடங்கியவர், ஆசிரியை. பெண் கல்வியைப் பற்றிப் பேசும்போது முதலில் அடுப்பைக் கவனித்தார் என்பதுதான் அவரிடம் என்னை வியக்க வைப்பது. நமது பெண் கல்விக் கட்டுரைகள் நூறாண்டுகளாகப் பாடசாலையை மட்டுமே பேசி வந்திருக்கின்றன. 2022இல் எரிவாயு இல்லாமல் போனபோது எங்கள் ஆசிரியைகள் விறகடுப்புக்குத் திரும்பி, புகை மணக்கும் அபாயாவோடு வகுப்புக்குப் போனார்கள். எரிபொருள் வரிசையைப் பற்றி எத்தனையோ கவிதைகள் வந்தன. வரிசையில் நின்றது பெரும்பாலும் ஆண்கள், ஆகவே அது கவிதையாயிற்று போலும்.

அம்பையின் ‘வெளிப்பாடு’ கதையில் ஒரு பெண் வாழ்நாளில் சுட்ட தோசைகள் கணக்கிடப்படும் இடம் வருகிறது. அந்த எண்ணிக்கை விளைவிக்கும் அதிர்ச்சி எந்தப் பிரசங்கத்தாலும் வராது. அம்பை அங்கே புலம்பவில்லை, எண்ணுகிறார். நான் கேட்பதும் அத்தகைய எழுத்தைத்தான். வீட்டு வேலையைப் பற்றி எழுதுங்கள் என்றால் சிலர் உடனே கண்ணீர் வடிக்கும் கவிதையை அனுப்பிவிடுகிறார்கள். மெழுகுவர்த்தி உருகுகிறது, செருப்பு தேய்கிறது. அந்தத் தேய்ந்த உவமைகளில் உழைப்பு மறுபடியும் மறைகிறது. இடியப்ப உரலைப் பிழியும் கை எந்த இடத்தில் நோகும் என்று தெரிந்தவர் எழுதும் ஒரு வாக்கியம் அதைவிடப் பெறுமதியானது.

மார்க்கம் இதற்குத் தடையா என்ற கேள்வியை இந்தப் பக்கங்களின் வாசகர்கள் கேட்பார்கள். நமது பகுதியினர் பின்பற்றும் ஷாஃபிஈ சட்ட மரபின் நூல்களில், சமைப்பதும் அரைப்பதும் துவைப்பதும் மனைவி மீது சட்டப்படி விதிக்கப்பட்ட கடமையல்ல என்று எழுதப்பட்டிருக்கிறது. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது தெரியும். ஜும்ஆ மேடையில் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று ஆயிஷா நாயகி அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. திருகை சுற்றிக் கைகள் நொந்துபோய்ப் பணியாள் கேட்டுச் சென்ற பாத்திமா நாயகியின் செய்தியைப் பொறுமைக்கு உதாரணமாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஓர் இலக்கிய வாசகனாக நான் அதில் வேறொன்றையும் காண்கிறேன்: அந்தக் கைகளின் நோவு பதிவாகியிருக்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளாக அது அழியாமல் கடத்தப்பட்டிருக்கிறது. நமது ‘பெண்புத்திமாலை’ முதலான அறிவுரைப் பாடல்கள் பெண்ணின் ஒழுக்கத்தைப் பார்த்த அளவுக்கு அவளது கையைப் பார்க்கவில்லை.

பொது விவாதத்தில் முஸ்லிம் ஆசிரியை தோன்றிய சந்தர்ப்பங்களையும் பாருங்கள். 2018இல் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் எழுந்த அபாயா சர்ச்சையின்போது நமது பத்திரிகைகள் அவரைப் பற்றி நிறைய எழுதின. உடையணியும் உரிமை பெரிய விடயம், அதை நான் குறைக்கவில்லை. 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் யூலை முதல் ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோதும் ஆசிரியைகள் முன்வரிசையில் நின்றார்கள். அந்த மாதங்களில் குசினியில் பணிப்புறக்கணிப்பு நடந்ததாகச் செய்தி இல்லை.

ஆசிரியையை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் அநீதி. எங்கள் ஊரின் பல ஆசிரியை வீடுகளில் பின்வாசலால் ஒரு பெண் வருகிறார். தூரத்து உறவாக இருப்பார், ‘சாச்சி’ என்று பிள்ளைகள் கூப்பிடும். பாத்திரம் கழுவி, முற்றம் கூட்டி, மீன் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகும்போது கையில் கொஞ்சக் காசு, ஒரு சுண்டு அரிசி, பெருநாளைக்கு ஒரு புடவை. உறவு என்ற சொல் அங்கே கூலியை மறைக்கும் திரையாகிறது. அதே பெண் றியாத்துக்கோ குவைத்துக்கோ போனால் அதே பாத்திரத்துக்கு மாதச் சம்பளம் வருகிறது. அவர் அனுப்பும் பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் ஏறுகிறது. ஒரே கை, ஒரே வேலை. கடலைத் தாண்டினால் பொருளாதாரம், தாண்டாவிட்டால் ‘ஒத்தாசை’. மூதூரின் றிசானா நபீக் 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் தண்டனை நிறைவேற்றப்பட்டு இறந்தபோது நாம் எழுதிய இரங்கற் கவிதைகளை ஒரு தொகுதியாகவே போடலாம். நானும் ஒன்று எழுதினேன். ஒரு சிறுமியின் கையில் பாற்போத்தலையும் கைக்குழந்தையையும் கொடுத்துவிட்டுப் போகும் அந்த வேலை எத்தகையது என்று அவற்றில் எத்தனை கவிதைகள் கேட்டன? என்னுடையது கேட்கவில்லை.

1990ஐப் பற்றிய எங்கள் எழுத்திலும் இதுவே நடந்திருக்கிறது. ஆகஸ்ட் 11 இரவு ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை நாம் எழுதினோம், ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஷஹீதுகளின் பெயர்கள் இருக்கின்றன. தாயை இழந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்த மாமிமாரும், காயப்பட்டவர்களை வருடக் கணக்கில் தூக்கிக் குளிப்பாட்டிய பெண்களும் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்? அவர்களில் சிலர் காலையில் அதைச் செய்துவிட்டுப் பாடசாலைக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள்.

கடைசியாக ஒரு கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன், ஒரு தொகுப்புக்காக நான் படைப்புகளைத் திரட்டிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆசிரியை பாடக்குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதிய சிறுகதையைக் கொடுத்தார். ஒரு பெண் காலை நாலரையிலிருந்து ஏழரை வரை செய்யும் வேலைகள் மட்டுமே கதை. உச்சம் இல்லை, முரண் இல்லை. அவள் கடைசியில் பதிவேட்டில் கையொப்பமிடுகிறாள், கோடு இன்னும் விழவில்லை, அவ்வளவுதான். ‘கதைக்கரு போதாது டீச்சர், இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகலாம்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இந்தக் கட்டுரைக்காக அண்மையில் அவரிடம் போய் அதைக் கேட்டேன். இப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார். மகள் ஆசிரியை, மகளின் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். ‘அதுவா சேர்’ என்று யோசித்தார். ‘அந்தக் கொப்பி எங்கயோ போச்சு. வேணுமெண்டா திருப்பி எழுதலாம். இவன் நித்திரையாகணும்.’